சாயமும் உப்பும்: திருப்பூர்ப் பின்னலாடையின் நூறாண்டு

வெள்ளியங்கிரி மலையடியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு அன்று. மலையில் மழை பிடித்தால் வெள்ளம் வரும். மற்ற மாதங்களில் மணல்தான். திருப்பூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும். வருகிற வெள்ளத்தைத் தடுத்துத் திருப்பிக் குளங்களில் நிரப்புவதற்காகவே பழங்காலத்தில் இந்த ஆற்றின் வழி நெடுக அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் அமைக்கப்பட்டன. தண்ணீரை இப்படி எண்ணி எண்ணிச் செலவழித்த ஓர் ஆற்றங்கரையில், தண்ணீரைக் குடித்தே வாழும் சாயத் தொழில் வந்து அமர்ந்ததற்கு ஆறு காரணம் அன்று. பருத்தியும் ரயிலும்தான் காரணம்.

தொலைதூர வணிகம் இக்கரைக்குப் புதிதல்ல. சென்னிமலைக்கு மேற்கே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்யும் பட்டறைகளும் இரும்பு உருக்கிய தடங்களும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்து பெயர் சொல்லும் ஊர் அது. காங்கயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போயிற்று. ரோமானிய நாணயங்கள் கொங்கு நாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ஆனால் கல்மணிப் பட்டறை ஆற்றைக் கெடுக்கவில்லை. உலகச் சந்தைக்குச் சரக்கு செய்வது ஆற்றுக்குக் கேடாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் சென்னையையும் மேலைக் கடற்கரையையும் இணைத்த ரயில்பாதை திருப்பூரைத் தொட்டுச் சென்றது. கிணற்றுப் பாசனத்தில் நன்றாக விளையும் கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்தில் பரவியபோது, திருப்பூர் பஞ்சு மார்க்கெட்டும் அரவை ஆலைகளும் கொண்ட ஊரானது. 1920களில் காதி இயக்கத்தின் தமிழகத் தலைமையிடம்போல விளங்கியதும் இவ்வூரே. 1932 ஜனவரியில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்த குமரன் இங்கே வேலை பார்த்த இளைஞர். இந்தியப் பின்னலாடைத் தொழிலின் தாயகமான கொல்கத்தாவிலிருந்து அதே காலத்தில் பின்னல் இயந்திரம் வந்து சேர்ந்தது. 1925ஆம் ஆண்டையொட்டிக் குலாம் காதர் என்பவர் முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கியதாக ஊர் வரலாறு சொல்கிறது. கையால் சுற்றிய இயந்திரங்கள், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மோட்டாருக்கு மாறின. கதர் வேட்டியும் இயந்திரப் பனியனும் ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் வளர்ந்தது வேடிக்கையான பொருத்தம்தான்.

அடுத்த நாற்பது ஆண்டுகளும் திருப்பூர் செய்தது வெள்ளைப் பனியனும் ஜட்டியும். வாங்கியது உள்நாடு. 1956இல் சைமா என்று சுருக்கமாக வழங்கும் தென்னிந்தியப் பனியன் உற்பத்தியாளர் சங்கம் உருவானது. சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து தறியிலும் மேசையிலும் கூலிக்கு உழைத்த வேளாண் குடியினர், பெரும்பாலும் கவுண்டர்கள், கூட்டுச் சேர்ந்து நான்கு இயந்திரம் வாங்கித் தாங்களே முதலாளிகள் ஆனார்கள். சரத் சாரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். ஒரே கூரையின் கீழ் எல்லாம் செய்த கம்பெனிகள் உடைந்தன. நிட்டிங் ஒருவரிடம், பிளீச்சிங் ஒருவரிடம், கட்டிங், ஓவர்லாக், அயர்னிங், பேக்கிங் ஒவ்வொன்றும் தனித்தனி ஜாப் ஒர்க் என்றானது. சிறு முதலில் தொழில் தொடங்க இது வழிவிட்டது. ஆர்டர் குறைந்தால் நட்டத்தையும், அரசு சோதனை வந்தால் பழியையும் அடுத்தவர் தலையில் தள்ளிவிட வசதியாகவும் இருந்தது. சாயக் கழிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தபோது இந்த அமைப்பு மிகவும் கைகொடுத்தது.

1970களின் கடைசியில் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இத்தாலிய வணிகர்கள் வெள்ளை டி-சர்ட் தேடி வந்தார்கள். பிறகு ஐரோப்பியக் கடைத் தொடர்கள் நேரே வந்தன. அப்போது துணி வணிகத்தை ஆண்டது 1974இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு இழை ஒப்பந்தம். வளரும் நாடு ஒவ்வொன்றும் பணக்கார நாடுகளுக்கு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதற்கு அது கோட்டா வகுத்தது. ஹாங்காங்குக்கும் தென்கொரியாவுக்கும் கோட்டா நிரம்பியபோது, வாங்குவோர் நிரம்பாத நாடுகளைத் தேடி நகர்ந்தனர். 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் ஏற்றுமதி, 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தபோது சில நூறு கோடியை எட்டியிருந்தது. 2004 முடிவில் கோட்டா ஒழிந்தது. 2021-22இல் ஏற்றுமதி 30,000 கோடியைத் தாண்டியது. ரூபாயின் சரிவைக் கழித்துப் பார்த்தாலும் இது சாதாரண வளர்ச்சி அல்ல.

கூலிக் கணக்கும் இதோடு மாறியது. பஞ்சப்படிக்காக 1984இல் நடந்த வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்கும் மேல் நீண்டது. அதற்குப் பின் நிரந்தரத் தொழிலாளர் குறைந்து காண்ட்ராக்டர் கைக்கு வேலை போனது. ஏற்றுமதி நெருக்கடி நாட்களில் ஒன்றரை ஷிப்ட் வழக்கமானது. மதுரை, தேனி, திண்டுக்கல்லிலிருந்து வந்த குடும்பங்களைத் தொடர்ந்து பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு இளைஞர்கள் வந்தார்கள்.

ஆற்றைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறியது. வெள்ளைப் பனியனுக்குப் பிளீச்சிங் போதும். வெளிநாட்டுக்காரர் கேட்டது கறுப்பும் கருநீலமும் சிவப்பும். பருத்தியில் நிற்க வேண்டிய இந்த நிறங்களுக்கு ரியாக்டிவ் சாயங்களே ஏற்றவை. தண்ணீரில் நனைந்த பருத்தியிழை, சாயத்தைத் தானாக இழுத்துக்கொள்ளாது. இரண்டுக்கும் எதிர்மின்தன்மை இருப்பதால் தள்ளிவிடும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் துணிப்பக்கம் ஓட்டுவது உப்பு. அடர் நிறத்துக்கு ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவும் அதற்கு மேலும் உப்புப் போட வேண்டியிருந்தது. போட்ட உப்பில் ஒரு துளிகூடத் துணியோடு போவதில்லை. சாயத்தில் ஒட்டாத பங்கும், போட்ட உப்பு முழுவதும், அலசிய தண்ணீரோடு வாய்க்காலில் இறங்கும். பழைய வின்ச் தொட்டிகளில் ஒரு கிலோ துணிக்கு இருநூறு லிட்டர் வரை தண்ணீர் செலவானது.

1980களின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள் 1990களின் இறுதிக்குள் எழுநூறைத் தாண்டின. நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவு நொய்யலில் விழுந்தது. வேறு ஆறாக இருந்தால் ஓட்டம் அதைக் கரைத்திருக்கும். நொய்யலில் கோடைக்காலத்தில் ஓடியதே அந்தக் கழிவு மட்டும்தான்.

பட்டறைகளுக்கு வேண்டிய நல்ல தண்ணீரும் ஊரில் இல்லை. நிலத்தடி நீர் உவர்ப்பாக மாறவே, சுற்றுக் கிராமங்களின் தோட்டக் கிணறுகளிலிருந்து டேங்கர் லாரிகளில் தண்ணீர் வந்தது. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்ட விவசாயிகளும் இருந்தனர். அந்தக் காலத்தில் கிணற்றை வைத்துப் பிழைத்தவரும் கிணறு கெட்டு அழிந்தவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களே. பட்டறைக்கு மேலே இருந்தவர் விற்றார், கீழே இருந்தவர் இழந்தார். 2005ஐ ஒட்டித் தனியார் பங்கேற்புடன் கட்டப்பட்ட பெரிய குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரை நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வரை கொண்டுவரும் திறனோடு செயல்படத் தொடங்கியது. அதில் பெரும்பகுதி ஆலைகளுக்கு.

திருப்பூருக்குக் கீழே ஏறக்குறைய 32 கிலோமீட்டரில் ஒரத்துப்பாளையம் அணை 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவது நோக்கம். பெரும்பகுதி கரூர்ப் பக்கத்து நிலம். அணையில் தேங்கியது கறுப்புத் தண்ணீர். அது சுற்றியுள்ள கிணறுகளில் ஊறியது. தென்னை கருகியது, ஆடுமாடு குடிக்க மறுத்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசன அணையைத் திறக்காதே என்று பாசனக்காரர் போராடியது தமிழகத்தின் நீர்ப்பாசன வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி.

1996 முதல் விவசாயிகள் சங்கங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. அதன் விளைவாகத் தொண்ணூறுகளின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் அவை நிறத்தையும் கசடையும் நீக்கின, உப்பை நீக்கவில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. பார்வைக்குத் தெளிந்து வெளியேறிய தண்ணீரில் அதைப்போலப் பன்மடங்கு இருந்தது. ஆலைக்காரர்கள் பணம் செலவழித்தது உண்மை, ஆறு மாறாததும் உண்மை. தேர்ந்தெடுத்த தொழில்நுட்பம் நோய்க்குப் பொருந்தாதது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

2006 டிசம்பர் 22 தீர்ப்பில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை 2007 ஜூலை இறுதிக்குள் எட்ட வேண்டும், அதுவரை வெளியேறும் கழிவுக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சூழல் இழப்பை மதிப்பிட அமைத்த ஆணையம், 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. தலைக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. தோட்டம் முழுதாக அழிந்தவருக்கு அந்தத் தொகை ஓர் ஆண்டு வெள்ளாமைக்கும் ஈடாகாது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கும் பின் ஆற்றில் சாயம் ஓடியதால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்டவை மின் இணைப்பு இழந்தன. துணி லூதியானா வரை போய்ச் சாயமேறி வந்தது. ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் அனுமதியற்ற பட்டறைகள் முளைத்தன. வேலையின்றித் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர்.

மீட்சி வந்தது உப்புத் தண்ணீரை வேறு விதமாகக் கையாண்டதால். கழிவை நுண்ணுயிரிகளால் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வுகள் வழியாக அழுத்தினால் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்புகிறது. மிஞ்சும் செறிந்த உப்பு நீரை முழுக்கக் காய்ச்சி வற்றவைக்க ஆகும் எரிபொருள் செலவை முதலில் யாரும் தாங்க முடியவில்லை. அந்த உப்பு நீரையே தெளியவைத்துச் சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் முறை அருள்புரம் பொது நிலையத்தில் செய்து காட்டப்பட்டது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இன்று 18 பொது நிலையங்கள் இயங்குகின்றன. சாஃப்ட் புளோ இயந்திரங்கள் ஒரு கிலோ துணிக்கான தண்ணீரைப் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தன. தண்ணீரைச் சேமிக்க இயந்திரம் ஏற்கெனவே சந்தையில் இருந்தது. தண்ணீரை வெளியேற்ற வழி அடைபட்ட பிறகே அது பட்டறைக்குள் வந்தது.

வாங்குபவர்கள் இந்த முப்பது ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது; திருப்பூர் விரைவில் அவற்றைக் கைவிட்டது. ஆனால் அந்தத் தடை காத்தது சட்டை போடுபவரின் தோலை. துணியில் தங்கும் நஞ்சுக்குச் சோதனை இருந்தது, துணியை விட்டுப் போன உப்புக்கு இல்லை. 2010களில் கழிவுநீரையும் கேட்கும் சான்றிதழ்கள் வந்தன. அவற்றுக்கான தணிக்கைக் கட்டணத்தைச் செலுத்துபவர் திருப்பூர்க்காரர். சுத்திகரிப்புக்காகச் சாயக்கூலி ஏறியபோதும் டி-சர்ட்டின் கொள்விலை அதற்கேற்ப ஏறவில்லை. கழிவை வெளியே விடாத கட்டாயம் இல்லாத போட்டி நாடுகளின் விலையே பேரத்தில் அளவுகோலாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோதும் ஆர்டரைத் தக்கவைக்கத் தள்ளுபடி கேட்கப்பட்டது இங்கேதான்.

தீராதவை சில உண்டு. சாயங்கள் கலந்து பிரிக்க முடியாத கலப்பு உப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைகளாகக் குவிந்து கிடக்கிறது. அபாயக் கழிவாக வகைப்படுத்தப்பட்ட அதற்குப் பெரிய அளவில் பயன் கண்டுபிடிக்கப்படவில்லை. கொதிகலன்கள் விறகை எரிக்கின்றன. ஆற்றுக்குப் போகாத கேட்டில் ஒரு பங்கு புகையாகிறது. உடுமலை, பல்லடம் பகுதிகளில் ஏற்றுமதியாளர்கள் நிறுவிய காற்றாலைகள் மின்சாரக் கணக்கை ஈடுசெய்யலாம், விறகுக் கணக்கை அல்ல. ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்குவதில்லை. வருகிற வெள்ளம் மதகுகள் வழியே அப்படியே போகிறது. கரையோர மண்ணிலும் ஆழ்கிணறுகளிலும் இறங்கிய உப்பு, மேலே கழிவு நின்றதோடு போய்விடவில்லை. நல்ல மழை ஆண்டுகளில் கிணற்று நீரின் உவர்ப்பு தணிந்து, வறண்ட ஆண்டுகளில் மறுபடி ஏறுகிறது.