25-ஆம் பிரிவின் முதல் வரி

நலமாகவும் பண்பாட்டோடும் வாழக் குறைந்தபட்சம் என்ன வேண்டுமோ, அதைப் பெறும் உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் உண்டு. ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு இப்படித் தொடங்குகிறது. 'பண்பாட்டோடு' என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அந்தச் சட்டமே ஆக்கிரமிப்புப் படை எழுதிக் கொடுத்தது என்றுதான் படித்திருந்தேன். வாழ்வாதார உரிமை அமெரிக்காவின் சொந்த அரசியல் சட்டத்திலேயே கிடையாது. பிறகு இந்த வரியை இங்கே எழுதியது யார்?

தேட வசதி இருந்தது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் அந்தக் காலத்து ஆவணங்களைப் படமெடுத்து எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. முதலில் 1946 பிப்ரவரியில் உருவான ஆங்கில வரைவை எடுத்தேன். ஆக்கிரமிப்புப் படைத் தளபதி மெக்ஆர்தரின் தலைமையகத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் கதவைச் சாத்திக்கொண்டு சுமார் ஒரு வாரத்தில் முடித்தது அது. சமூக உரிமைகளைக் கவனித்தவர்களில் ஒருவர் பியாத்தே சிரோட்டா, வயது 22. ஜீப்பில் டோக்கியோ நூலகங்களுக்குப் போய்ப் பல நாட்டு அரசியல் சட்டங்களை அள்ளிவந்தவர். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதியை மேலதிகாரிகள் அடித்துவிட்டார்கள். மிஞ்சிய வரைவில், சட்டங்கள் சமூக நலனை வளர்க்க வேண்டும் என்று அரசுக்கான கடமை இருக்கிறது. குடிமகனின் உரிமை இல்லை.

ஜூனில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவைப் பார்த்தேன். அதில் இது 23-ஆம் பிரிவு. அங்கேயும் கடமைதான் இருந்தது. ஆகஸ்ட் 24 அன்று கீழவை நிறைவேற்றிய வாசகத்திலோ அந்த வரி வந்துவிட்டது. இடைப்பட்ட நாட்களில் ஏதோ நடந்திருக்கிறது.

நடந்த இடம் அஷிதா ஹிதோஷி தலைமையிலான கீழவைத் துணைக்குழு. ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 20 வரை மூடிய அறையில் கூடியது. அதன் சுருக்கெழுத்துக் குறிப்புகள் 1995 வரை வெளிவரவில்லை. ஒரு தேசம் தன் உரிமை பிறந்த பேச்சைப் படிக்க அரை நூற்றாண்டு காத்திருந்தது என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை. சோஷலிஸ்ட் கட்சியின் சுசுகியும் மொரிதோவும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்கிறார்கள். மகிழ்ச்சியைத் தேடும் உரிமை வேறொரு பிரிவில் இருக்கிறதே, போதாதா என்று எதிர்வாதம் வருகிறது. இருவரும் விடவில்லை.

இங்கே ஒரு பெயர் என்னைச் சில நாட்கள் அலைக்கழித்தது. சுசுகி என்றதும் அரசியல் சட்ட வரலாற்றாய்வாளர் சுசுகி யசுசோ என்று குறித்துக்கொண்டேன். ஆனால் அவர் எம்.பி. அல்லவே! குழுவில் இருந்தவர் வழக்கறிஞர் சுசுகி யோஷியோ. இருவருக்கும் ஊர் ஃபுகுஷிமா என்பதால் குழப்பம் கூடியது. ஆனால் தவறான சுசுகியின் பின்னால் போனதுதான் என்னைச் சரியான தாளில் கொண்டு நிறுத்தியது.

யசுசோ இளமையில், மாற்றுக் கருத்தாளரை ஒடுக்கிய அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதாகிச் சிறை கண்டவர். 1881-இல் உஎகி எமோரி என்ற மக்கள் உரிமைப் போராளி 220 பிரிவுகளோடு தனியாக எழுதிய அரசியல் சட்ட வரைவை ஆராய்ந்தவர். நாடு தோற்றுச் சரணடைந்த சில மாதங்களில், நகரங்கள் சாம்பலாய்க் கிடக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் கூடத் தேறாத ரேஷன் அரிசியும் நாள் தவறி வர, ஏழு பேர் அரசியல் சட்ட ஆய்வுக் கழகம் என்று கூடினார்கள். வரைவுக்குப் பேனா பிடித்தவர் யசுசோ. 1945 டிசம்பர் 26 அன்று அதைப் பிரதமர் இல்லத்தில் கொடுத்தார்கள். தலைமையகத்துக்கும் ஒரு பிரதி போனது. கதகானா எழுத்தும் கான்ஜி எழுத்தும் கலந்த பழைய நடை. ஒவ்வொரு எழுத்தாக அகராதியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆட்சியுரிமை மக்களிடமிருந்து பிறக்கிறது என்கிறது ஒரு வரி. இன்னும் சற்றுத் தள்ளி: மக்களுக்கு நலமும் பண்பாட்டுத் தரமும் உள்ள வாழ்க்கை நடத்தும் உரிமை உண்டு.

பெயர்ப் பட்டியலுக்குத் திரும்பினேன். ஏழு பேரில் ஒருவர் மொரிதோ தட்சுவோ. அராஜகவாதச் சிந்தனையாளர் குரோபோட்கின் பற்றிக் கட்டுரை எழுதியதற்காக 1920-இல் பல்கலைக்கழக வேலையை இழந்து சிறை சென்றவர். பிறகு வைமார் கால ஜெர்மனியில் படித்தவர். டிசம்பரில் கழகத்தில் இருந்த அதே மனிதர் ஆகஸ்டில் துணைக்குழுவில் உட்கார்ந்திருக்கிறார்.

தலைமையகத்தின் சட்ட அதிகாரி மைலோ ரோவெல் 1946 ஜனவரி 11 அன்று இந்தக் கழக வரைவைப் பரிசீலித்து, ஏற்கத்தக்கது என்று குறிப்பு எழுதியிருக்கிறார். அப்படியும் அந்த ஒரு வரி ஆங்கில வரைவில் ஏறவில்லை. அந்நியர் வரைவில் விடுபட்டதை ஜப்பானியரே வாதாடி உள்ளே கொண்டுவந்தார்கள். எல்லாம் திணிக்கப்பட்டது என்று சொல்பவர்கள் இந்தத் தாள்களைப் புரட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கடைசியாக நான் எடுத்தது 1957-இல் தொடுக்கப்பட்ட அசாஹி வழக்கின் ஆவணம். காசநோய் விடுதியில் படுத்திருந்த அசாஹி ஷிகெருவுக்கு அண்ணன் மாதம் 1,500 யென் அனுப்பத் தொடங்கினார். நலத்துறை 600 யென்னை மட்டும் கையில் விட்டு, மீதி 900-ஐ மருத்துவச் செலவுக்கு எடுத்துக்கொண்டது. அந்த 600 யென் கணக்கில் உள்பனியன் இரண்டு வருடத்துக்கு ஒன்று, உள்ளாடை வருடத்துக்கு ஒன்று. அவர் 25-ஆம் பிரிவைக் காட்டி வழக்காடினார். 1960 அக்டோபரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்தத் தொகை போதாது என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது.