சிறுமூளையும் சிறுவர் வலிப்பும்: ஒரு கொள்கையின் வரலாறு

அரசர் முடிசூடியதையும் முடியிழந்ததையும் வகுப்பறையிற் கூறிப் பழகிய எம்போன்ற சரித்திர ஆசிரியர்க்கு, மருத்துவக் கொள்கைகளுக்கும் அத்தகைய ஏற்ற இறக்கம் உண்டென்பது சற்றுக் காலந்தாழ்த்தே புலனாகின்றது. ஒருகால் துரத்தப்பட்ட கொள்கையொன்று நூறாண்டு கடந்து, இழந்த நாட்டின் ஒரு மூலையையேனும் மீட்டுக்கொண்ட கதையே ஈண்டுக் கூறப்படுவது.

தலையின் பின்புறத்தே, பெருமூளையின் கீழ் அடங்கிக் கிடப்பது சிறுமூளை. பிரான்சு தேசத்துப் புளூரான்ஸ் என்பார் புறாக்களின் சிறுமூளையைச் சிறிது சிறிதாக அகற்றிக் கண்ட முடிபுகளை 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். அப்பறவைகள் அசையும் ஆற்றலை இழக்கவில்லை; அசைவின் ஒழுங்கையே இழந்தன. அசைவைப் பிறப்பிப்பது வேறு, அதனை இசைவிப்பது வேறு என்னும் பாகுபாடு இதனால் தெளிவுற்றது.

இலண்டன் மாநகரத்து மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், சிறுமூளையின் நடுப்பகுதியிற் கட்டி வளர்ந்திருந்த சிறுவன் ஒருவனைப் பற்றி 1871இல் எழுதினார். அச்சிறுவனை இடையிடையே ஒருவகை இழுப்புப் பற்றும். தலை பின்னோக்கி வளையும், முன்கைகள் மடங்கும், கால்கள் விறைத்து நீளும். ஏற்புவலி கண்டாரை ஒத்த இந்நிலை, கைகால்கள் விட்டுவிட்டு உதறும் வழக்கமான வலிப்பினின்றும் வேறானது. மாறி மாறி நிகழும் அசைவுகளைப் பெருமூளையும், நிலைத்து நிற்கும் இறுக்கத்தைச் சிறுமூளையும் ஆள்கின்றன என்பது ஜாக்சன் கருத்து. இத்தகைய இழுப்புக்குச் சிறுமூளை வலிப்பு என்னும் பெயர் வழங்கலாயிற்று.

அப்பெயர் நெடுநாள் ஆளவில்லை. விலங்குகளின் நடுமூளையைக் குறுக்கே வெட்டினால் அவற்றின் கால்கள் விறைத்து நீளும் என்பதை ஷெரிங்டன் 1898இல் விளக்கினார். பெருமூளையின் கட்டுப்பாடு நீங்கிய மூளைத்தண்டே அவ்விறைப்பைத் தரவல்லதெனின், ஜாக்சன் கண்ட சிறுவனின் இழுப்பும் கட்டியானது மூளைத்தண்டை நெருக்கியதால் விளைந்ததே எனப் பின்னையோர் கொண்டனர். முதலாம் உலகப்போரிற் பிடரியிற் குண்டுபட்ட வீரரை ஆராய்ந்த கோர்டன் ஹோம்ஸ், தசைத்தளர்ச்சி, தள்ளாட்டம், குறிதவறும் கை முதலியவற்றைச் சிறுமூளைக் கேட்டின் அடையாளங்களாக வகுத்தார். சிறுமூளை வலிப்பைப் பிறப்பியாது என்பது நாளடைவிற் பாடநூற் கொள்கையாயிற்று. ஜாக்சனின் சான்றைத் தள்ளியது முறையே. ஆயின், ஒரு சான்று பொய்த்தமையால் வழக்கே பொய்த்ததென்று தீர்ப்பளித்தது முறையன்று என்பது என் துணிபு.

துடிப்பதெல்லாம் வலிப்பன்று என்பதும் உண்மையே. 1962இல் கின்ஸ்போர்ன் என்பார் ஆறு குழந்தைகளின் நோயை விவரித்தார். அவர்களின் கண்கள் எத்திசையும் துள்ளின, உடல் துடித்தது, நடை தள்ளாடியது. சிறுமூளையைச் சார்ந்த இந்நோய் வலிப்பினத்தைச் சேர்ந்ததன்று. மார்பிலோ வயிற்றிலோ மறைந்து வளரும் நரம்புக்கட்டி இத்தகைய குழந்தைகளுட் பலரிடத்து உண்டென்பது பின்னர்த் தெரியவந்தது. கட்டியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை மூளையையும் தாக்குகின்றது என்பர். தன் விருப்பின்றித் துடிக்கும் பிள்ளையைக் குறும்பன் என்று வாங்கின்மேல் ஏற்றிய ஆசிரியருள் யானும் ஒருவனாதலின், இப்பகுதியைப் படிக்குந்தோறும் உள்ளம் கூசுகின்றது.

சிறுமூளையின் பெரிய உயிரணுக்கள் பிற அணுக்களை அடக்குவன என்பதை 1960களில் இட்டோ முதலியோர் நிறுவினர். அங்ஙனமாயின் சிறுமூளையை மின்னால் தூண்டி வலிப்பை அடக்கலாமே எனக் கருதிய அமெரிக்கராகிய கூப்பர், 1970களில் நோயாளர் தலையில் மின்வாய்களைப் பொருத்தினார். நற்பலன் கிடைத்ததென்ற செய்தி எங்கும் பரவியது. 1984இல் வெளியான ஒரு சோதனையில், கருவி இயங்குகின்றதா இல்லையா என்பதை அறியாதவாறு 12 நோயாளர் ஆராயப்பட்டனர். வலிப்பு குறையவில்லை, எனினும் அவர்களுட் பெரும்பாலோர் தமக்கு நன்மை கிடைத்ததாகவே எண்ணினர்!

கொள்கையின் மீட்சி 1996இல் நிகழ்ந்தது. பிறந்த சில நாளிலிருந்தே முகத்தின் ஒருபக்கம் இழுக்கும் குழந்தைகள் சிலர் உளர். தலையின் மேற்பரப்பிற் பதியும் மின்வரைபு வலிப்பைக் காட்டாமையால், அது முகத்தசையின் வெறுந் துடிப்பென்றே கருதப்பட்டு வந்தது. ஹார்வியும் அவர்தம் துணைவரும் அத்தகைய குழந்தையொன்றின் சிறுமூளைக் கட்டியினுள்ளேயே மின்வாய்களைச் செலுத்திப் பார்த்தனர். முகம் இழுக்கும் வேளையில் வலிப்பின் மின்னலைகள் அங்கேயே எழுந்தன. கட்டியை அகற்றினர், இழுப்பும் அகன்றது.

இத்தகைய குழந்தைகள் மிகச் சிலரே. பெரும்பாலான வலிப்புகள் இன்றும் பெருமூளைக்கே உரியன. ஆயினும் கூப்பரின் எண்ணம் முற்றும் மடியவில்லை. ஒளியால் தூண்டத்தக்கவாறு மாற்றப்பட்ட உயிரணுக்களையுடைய சுண்டெலிகளைக் கொண்டு கலிபோர்னியாவிற் செய்த சோதனையின் முடிபு 2014இல் வெளிவந்தது. வலிப்புத் தொடங்கிய கணத்திற் சிறுமூளையைத் தூண்டியபோது வலிப்பின் நேரம் குறுகியது. நடுப்பகுதியைத் தூண்டியபோது, அடுத்த வலிப்பு வருவதற்குள்ள இடைவேளையும் நீண்டது. ஜாக்சன் கண்ட சிறுவனுக்குக் கட்டி வளர்ந்திருந்ததும் அந்நடுப்பகுதியிலேயே.