பதினாறு பென்ஸா, பதினெட்டா?
அம்பேத்கரின் ரூபாய் ஆய்வை முன்வைத்து

கொலம்பியா பல்கலைக்கழகம் என்றதும் நம்மவர்கள் ஜான் டூயியைச் சொல்வார்கள். 1916 மே மாதம் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த சாதி பற்றிய கட்டுரையைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அங்கே அவர் எடுத்த பாடங்களை எண்ணிப் பார்த்தவர்கள் தரும் கணக்கு இது: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5. இந்தப் பொருளாதார மாணவர் நம் விவாதங்களில் எங்கே போனார்? பொருளாதாரம் அடித்தளம், சாதி மேற்கட்டுமானம். மேற்கட்டுமானத்துக்கு அம்பேத்கர், அடித்தளத்துக்கு வேறு ஆட்கள் என்று நாம் ஒரு வேலைப் பிரிவினை செய்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையிலேயே கொஞ்சம் சாதி வாடை அடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மகாராஷ்டிர அரசு 1989இல் வெளியிட்ட ஆறாம் தொகுதியில்தான் நான் 'ரூபாயின் பிரச்சினை'யை வாசித்தேன். பேப்பரும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க முடிந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்ஸி. பட்டத்துக்காக எழுதப்பட்ட ஆய்வேடு அது. அதன் பின்னால் உள்ள கதை பலருக்கும் தெரியும்: 1916இல் லண்டனில் சேர்ந்தார், பரோடா அரசின் உதவித்தொகை முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்பினார், பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டார், பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணம், கோல்ஹாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நேவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் இவற்றோடு 1920இல் மறுபடி கப்பலேறினார். 1922இல் கொடுத்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதிக் கொடுத்து 1923இல் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டே நூலாகவும் வந்தது. முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன் தனக்குப் பல இடங்களில் உடன்பாடில்லை என்பதை மறைக்கவில்லை.

இந்த வாழ்க்கைக் கதையில் நின்றுவிடுவதுதான் நம் வழக்கம். தீண்டப்படாத சாதியில் பிறந்து இவ்வளவு படித்தார் பாருங்கள் என்று மெச்சிவிட்டு, என்ன படித்தார், என்ன எழுதினார் என்பதை விட்டுவிடுகிறோம். இதுவும் ஒருவகை ஒதுக்கல்தான்.

விஷயத்துக்கு வருவோம். 1873க்குப் பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்தது. ரூபாய் வெள்ளி நாணயம். அதுவும் கூடவே விழுந்தது. சுமார் 24 பென்ஸாக இருந்த ரூபாய் 1890களின் தொடக்கத்தில் 15 பென்ஸுக்கும் கீழே போனது. லண்டனுக்குப் பவுனில் கட்ட வேண்டிய 'ஹோம் சார்ஜஸ்' ரூபாய்க் கணக்கில் ஏறிக்கொண்டே போக, அரசாங்கம் அலறியது. 1893இல் மக்கள் வெள்ளி கொண்டுவந்து நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தியது. அப்புறம் மெல்ல 16 பென்ஸில் ரூபாயைக் கட்டி வைத்தார்கள். நாட்டுக்குள்ளே வெள்ளி ரூபாய், வெளியே கொடுக்க மட்டும் தங்கம் அல்லது பவுன். இந்த ஏற்பாட்டைத்தான் கெய்ன்ஸ் 1913இல் எழுதிய தன் முதல் நூலில் ஆதரித்தார். அம்பேத்கர் அதை எதிர்த்தார். நாணயம் அடிக்கிற அரசுக்கு வரம்பு இல்லையென்றால் அது அடித்துக்கொண்டே போகும், உள்நாட்டில் விலை ஏறும், கெய்ன்ஸ் பார்ப்பது வெளிமாற்று விகிதத்தை மட்டும்தான் என்பது அவர் வாதம்.

நூலில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. ரூபாய் விழுந்த காலத்தில் ஏற்றுமதி வளர்ந்தது, பம்பாய் ஆலைகள் சீனச் சந்தையில் லங்காஷயர் நூலோடு மோதி நின்றன, ஆகவே ரூபாய் விழுவது இந்தியாவுக்கு நல்லது என்று ஒரு பேச்சு இருந்தது. அம்பேத்கர் கேட்கிறார்: அந்த லாபம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டானிடமிருந்து இல்லை. விலைகள் ஏறின, கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. அந்த இடைவெளிதான் லாபம். ஒரு தேசம் இன்னொரு தேசத்திடமிருந்து பெற்றதல்ல அது. ஒரே தேசத்துக்குள் ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. சர்வதேசப் பொருளாதாரத்தில் அன்று 'இந்தியா' என்பது ஒரு கணக்குப் பெயர். அந்தப் பெயரைப் பிளந்து, உள்ளே யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார் இந்த மாணவர்.

1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னபோது இது வெறும் ஆய்வு விஷயமாக இல்லை. யுத்தத்துக்குப் பின் ரூபாய் 18 பென்ஸ் அளவில் நின்றிருந்தது. அரசு அதையே நிலைப்படுத்த நினைத்தது. பழைய 16 பென்ஸுக்கு இறக்க வேண்டும் என்றது இந்திய முதலாளித் தரப்பு. ஆணையத்தில் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் அதற்காகவே தனிக்குறிப்பு எழுதினார். 16 பென்ஸ் தேசிய கோரிக்கையாகவே ஆகிவிட்டது. அம்பேத்கரோ, இரண்டுக்கும் நடுவில், 18க்கு நெருக்கமாக இருக்கட்டும் என்றார். கொஞ்சம் இறக்கினால் வியாபாரிக்கும் நல்லது, வேலை செய்பவருக்கும் நல்லது. அதிகம் இறக்கினால் கூலியை வெட்டியதாகிவிடும். 1927இல் 18 பென்ஸ் சட்டமாயிற்று.

அப்படியானால் அம்பேத்கர் வெள்ளைக்காரன் பக்கமா? அருண் ஷோரி மாதிரி ஆட்களுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் போதும். கேள்வியே தப்பு. 18 பென்ஸில் அரசுக்கும் லங்காஷயருக்கும் ஆதாயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 16 பென்ஸைத் 'தேச நலன்' என்று பேர் வைத்துக் கேட்டவர்கள் யார் பையிலிருந்து கேட்டார்கள் என்பதை அவர் ஒருவர்தான் அங்கே கூலிக்காரன் பக்கம் நின்று சொன்னார். அதே சமயம் இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். காசாகக் கூலி வாங்குபவர் அவர் கணக்கில் இருக்கிறார்; விளைச்சலை விற்றுக் கடன் கட்டும் குத்தகை விவசாயி அவ்வளவாக இல்லை. 1930களின் மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது 18 பென்ஸ் அந்த விவசாயியை இன்னும் அழுத்தியது. 1931க்குப் பிறகு கிராமத்துத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போன கதை அதோடு சேர்ந்தது.

1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாய் 7.50 ஆயிற்று. 1991 ஜூலையில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு தடவை இறக்கினார்கள். சுமார் 21 இருந்தது 26ஐத் தொட்டது. இரண்டு தடவையும் சொன்னது அதே வாக்கியம்: ஏற்றுமதி வளரும், நாடு பிழைக்கும். டாலர் ஏறினால் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர் முகம் மலர்கிறது. அவரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண் வாங்கும் பாமாயில் கப்பலில் வருகிறது, டாலரில் வருகிறது. பீஸ் ரேட் எப்போது ஏறும் என்று அவரைக் கேட்டால் தெரியும். இதற்குப் புதுக் கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை, 1923ஆம் வருஷத்துப் புத்தகம் போதும்.

இப்போதெல்லாம் மேடைகளில் 'ரிசர்வ் வங்கியை உருவாக்கிய அம்பேத்கர்' என்று கேட்கிறோம். சொல்பவர்களின் அன்பு புரிகிறது. ஆனால் புத்தகம் வேறு மாதிரி பேசுகிறது. நாணயத்தை யாரோ சில அறிவாளிகள் 'நிர்வகிப்பார்கள்' என்பதையே அவர் நம்பவில்லை. அரசுக்கும் நாணயசாலையை மூடு, ரூபாய்க்கு மாற்ற முடியாத வரம்பு போடு, தங்க நாணயம் புழங்கட்டும் என்றார். ஆள்பவர்களின் கையைக் கட்டுவதுதான் அவர் கவலை. அவரை ஒரு மத்திய வங்கியின் தந்தை ஆக்கிச் சுவரில் மாட்டினால் இந்த அவநம்பிக்கை காணாமல் போகிறது.

1947இல் நூல் மறுபதிப்பானது, 'இந்திய நாணயம், வங்கி வரலாறு – முதல் தொகுதி' என்ற புதுப் பெயரில். 1923க்குப் பிந்திய கதையை இரண்டாம் தொகுதியில் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்ட அமைச்சர் ஆனார். இரண்டாம் தொகுதி எழுதப்படவில்லை.