தாய்வழிக் குடியும் கருப்பை காக்கும் மருத்துவமும்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் ஒருவரது குடி, அதாவது வம்சக் கூட்டம், தாய் வழியாகவே கணிக்கப்பட்டு வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்காயர்கள் தெரிவானதும் குடிவாரியாகவே. பெற்றோர் பெண்ணுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுக்க, மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து வாழ்வார். தாம் இருந்த வீட்டையே மூத்த மகளுக்கு விட்டுக்கொடுத்து, அடுத்தவளுக்காக வேறொரு வீடு எழுப்பிய பெற்றோரும் உண்டு. ஆகவே ஒரு பெண் தாயாவது, அவளது குடும்ப மகிழ்ச்சியோடு மட்டுமன்றிக் குடியின் தொடர்ச்சியோடும் பிணைந்திருந்தது.

பிள்ளையில்லாத் துயருக்கு நேர்ச்சையும் துஆவும் நெடுங்காலம் ஆறுதலளித்தன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேற்றப்படுகிறது. லாகூரில் பிள்ளையற்றிருந்த தம்பதியருக்கு அவரது துஆவால் யூசுப் என்ற மகன் பிறந்தார் என்பது மரபு கூறும் வரலாறு.

பிள்ளை வேண்டும் பெண்ணுக்கு நோயே தடையாவதும் உண்டு: கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் கண்டால் கருப்பையை அகற்றுவதே வழக்கமான சிகிச்சை. 1961 இல் அமெரிக்காவில் ரீட்டா கெல்லியும் வில்லியம் பேக்கரும் முற்றிய நோயாளர் சிலருக்கு, மாதவிடாய்ச் சுழற்சியை ஒழுங்குபடுத்தும் புரொஜெஸ்டரோன் வகை ஓமோனைக் கொடுத்து, கட்டிகள் சுருங்கியதைப் பதிவுசெய்தனர். அந்த அறிவே பிற்காலத்தில், நோய் உட்படலத்தைத் தாண்டாத, வீரியம் குறைந்த நிலையிலுள்ள இளம் பெண்களுக்கு ஓமோன் மாத்திரையோ கருப்பையினுள் வைக்கும் ஓமோன் சாதனமோ கொடுத்து, சில மாதங்களுக்கொருமுறை திசுவைச் சோதிக்கும் சிகிச்சையாக வளர்ந்தது. 2012 இல் வெளியான தொகுப்பாய்வின்படி ஏறத்தாழ 76 வீதமானோருக்கு நோய் தணிந்தது, அவர்களில் சுமார் 40 வீதமானோருக்கு மீண்டது. செயற்கைக் கருத்தரிப்பின் துணையை நாடியோரிடையே குழந்தைப்பேறு 39 வீதமாகவும், இயல்பாகக் கருத்தரிக்க முயன்றோரிடையே 15 வீதமாகவும் இருந்தது. நோய் மீளக்கூடுமாதலால் தணிந்தவுடன் தாமதமின்றிக் கருத்தரிக்க முயல்வதும், பிள்ளைப்பேறு நிறைவுற்றபின் கருப்பையை அகற்றுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

செயற்கைக் கருத்தரிப்புக்கு மார்க்க அனுமதியும் உண்டு. 1978 இல் இங்கிலாந்தின் ஓல்ட்ஹாமில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1980 இல், எகிப்தின் அல்-அஸ்ஹரைச் சேர்ந்த ஜாதுல் ஹக் வழங்கிய பத்வா, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் இணைந்து அவளது கருப்பையிலேயே வளர்வதை அனுமதித்து, மூன்றாமவரின் பங்கை விலக்கியது. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் மன்றமும் வாடகைத் தாய் முறையைத் தடுத்தது.

இவ்விதி கல்முனைக் கரையில் தனிக் கனம் பெறுகிறது. பிறிதொரு பெண்ணின் கருப்பையை நாட முடியாதவளுக்குத் தன் கருப்பையை இழப்பது பெற்ற பிள்ளைக்கான இறுதி வழியையும் இழப்பதாகும். 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மஹரகம தேசிய புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் ஓர் இளம் பெண்ணிடம், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்குமுன், பிள்ளை வேண்டுமா என்று கேட்பதும், இச்சிகிச்சைக்கு அவள் தகுதியானவளா என்று ஆராய்வதும், மீளும் அபாயத்தை மறைக்காது சொல்வதும் மருத்துவக் கடமையாகும். அக்கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துவது குடும்பத்தாரின் உரிமையாகும்.