முட்டை ஓட்டுக்குள் ஒரு ட்ரோஜன் குதிரை

நான் படிச்சது கெமிக்கல் இன்ஜினியரிங், இப்போ எழுதுறது கோடு. நம்ம ஊர்ல இதுக்கு விளக்கம் தேவையில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் ஹாஸ்டல் மெஸ்ஸில் முட்டை ஓடு சேகரிச்சு, கழுவி, ஃபர்னஸில் 900 டிகிரியில் சுட்டோம். கிடைச்சது கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. அதை வினையூக்கியா வச்சு, சமையல் எண்ணெயையும் மெத்தனாலையும் சேர்த்து பயோடீசல் எடுத்தோம். அதே தூளை ஐந்து முறை பயன்படுத்தினோம். ஐந்து முறையும் வேலை செய்தது. "இது திடப்பொருள் சார், கரையாது"ன்னு வைவாவில் அடிச்சு சொன்னேன். அது தப்புன்னு தெரிய சில வருஷம் ஆச்சு.

திட வினையூக்கிக்கு ஏன் இவ்வளவு ஆசை? வழக்கமான முறையில் சோடியம் ஹைட்ராக்சைடை மெத்தனாலில் கரைச்சு ஊத்துவாங்க. 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் போதும். தலைவலி அதுக்கு அப்புறம்தான். கரைஞ்ச காரத்தை அமிலம் விட்டு முறிக்கணும், எரிபொருளைத் தண்ணீரில் கழுவணும், சோப்பு நுரையோடு மல்லுக்கட்டணும். கிளிசரினும் உப்போடுதான் வரும். கரையாத ஒரு பொருள் இதே வேலையைச் செய்தால், வடிகட்டி எடுத்துட்டு போயிட்டே இருக்கலாம்.

இந்த ஆசைக்குக் குறுக்கே வந்தது 1998இல் வெளியான ஒரு கட்டுரை. ரோஜர் ஷெல்டனும் மூன்று சகாக்களும் எழுதியது. திட வினையூக்கிகள் ரசவாதக் கல்லா, ட்ரோஜன் குதிரையா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். அவங்க பேசினது ஆக்சிஜனேற்ற வினைகளைப் பற்றி. ஆனா நால்வரில் ஒருவரான உல்ஃப் ஷுகார்ட், அதே வருஷம் பிரேசிலில் தாவர எண்ணெயை எஸ்டராக்கும் வினை பற்றியும் ஒரு விரிவான கட்டுரை எழுதியவர். கேள்வி இரண்டுக்கும் பொதுதான்: வேலை செய்யுறது அந்தக் கல்லா, இல்லை அதிலிருந்து கரைஞ்சு திரவத்துக்குள் போன கொஞ்சமா? இந்தக் கரைஞ்சு போறதைத்தான் லீச்சிங் என்கிறோம்.

அவங்க சொன்ன சோதனை ரொம்ப எளிமை. வினை பாதியில் இருக்கும்போதே, சூடு ஆறுவதற்கு முன்னாடி, தூளை வடிகட்டி எடுத்துடு. மிச்ச திரவம் மட்டும் தொடர்ந்து வினைபுரிந்தால், உள்ளே ஏதோ கரைஞ்சிருக்கு. ஏன் சூடா வடிகட்டணும்? ஆறினால் கரைஞ்சது மறுபடி தூளின் மேலேயே படிஞ்சிடலாம், தடயம் அழிஞ்சிடும். இன்னொண்ணும் சொன்னாங்க: பலமுறை திரும்பப் பயன்படுவது மட்டுமே ஆதாரம் ஆகாது. துளி அளவு கரைந்தாலே வேலை நடக்கும், தூள் அப்படியே இருப்பது போலத் தெரியும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது, ஆனா பழைய கேஷில் இருந்துன்னு நம்ம ஆட்களுக்குச் சொன்னா புரியும்.

2007இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் சூரியகாந்தி எண்ணெயில் கால்சியம் ஆக்சைடைச் சோதித்தார்கள். கால்சியம் கரைந்தது; கரைந்ததும் வினையில் பங்கெடுத்தது. அப்படியும் அதே தூளைப் பலமுறை பயன்படுத்த முடிந்தது! எங்க ஐந்து ரன்னுக்கும் இதுதான் விளக்கம்.

கொஞ்சம் கரைந்தால் என்ன என்று விட முடியாது. ஐரோப்பாவின் ஈஎன் 14214 தரப்படி, ஒரு கிலோ பயோடீசலில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சோப்பாகப் படிஞ்சு ஃபியூயல் ஃபில்டரை அடைக்கும். கழுவலைத் தவிர்க்கக் கிளம்பினவன் திரும்பக் கழுவணும்.

பிரான்ஸின் செத் துறைமுக நகரில் 2006இல் திட வினையூக்கி ஆலை ஒன்று ஓடத் தொடங்கியது. வருடத்துக்கு 1,60,000 டன். அங்கே துத்தநாகமும் அலுமினியமும் கலந்த ஆக்சைடு. கிளிசரின் 98 சதவீதத்துக்கு மேல் சுத்தம். அதுக்கு விலை? சுமார் 200 டிகிரி சூடு, உயர் அழுத்தம். 60 டிகிரி சொகுசு அங்கே கிடையாது.

இந்த எபிசோடுக்காக எங்க பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். வடிகட்டல் பற்றி ஒரே ஒரு வரி இருக்கு: கலவையை இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் வடிகட்டினோம்.