சாத்து வழியும் சத்திர அறமும்

நேமத்தான்பட்டி, செட்டிநாட்டில் நகரத்தார் பெருமக்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. வணிகத்தின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற அம்மரபினர், வழிநடை வருத்தம் அறிந்தவர்கள். ஆதலின் சத்திரம் அமைப்பதைப் பேரறமாகக் கொண்டனர். காசியில் அவர்கள் நிறுவிய நகரச் சத்திரம் இன்றும் யாத்திரிகர்க்கு இடமளித்து வருகிறது. இவ்வறத்தின் பழைய சுவடுகளைத் தேடுவோர் சமணர் குன்றுகளுக்கே வந்து சேர்வர்.

முற்காலத்தில் வணிகர் தனித்துச் செல்வதில்லை. பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் கூட்டமாகவே சென்றனர். அக்கூட்டத்திற்குச் ‘சாத்து’ என்று பெயர். நகரத்தாரின் தைப்பூசப் பழநி நடைப்பயணமும், உப்பு விற்கச் சென்ற அவர்தம் முன்னோரிடமிருந்து தொடங்கியது என்பது அவர்களது வழக்கு.

மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் துறவோர்க்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. மழைநீர் உட்புகாதவாறு பாறையின் நெற்றியில் காடியும் செதுக்கியுள்ளனர். அங்குள்ள ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகள் கொடையாளர் பெயர்களைக் கூறுகின்றன. உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். அக்குகை வணிகர் தங்கும் விடுதியன்று, அருந்தவத்தோர் உறையுள். ஆயினும் வழி நடந்து பொருளீட்டியவர்களே அதற்கு வாரி வழங்கினர் என்பது நாம் எண்ணத்தக்கது.

புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள நார்த்தாமலை, சோழர் காலத்தில் வணிகர் அவை விளங்கிய நகரம். அதன் மேலமலையில் ‘சமணர் குடகு’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அருகிலுள்ள அம்மாசத்திரம் என்னும் ஊர் ஒரு சத்திரத்தின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. அவ்வூரை ஒட்டிய ஆளுருட்டிமலைப் பாறையிலோ தீர்த்தங்கரர் திருவுருவங்கள் திகழ்கின்றன. துறவோர் உறையுளும் வழிப்போக்கர் சத்திரமும் வெவ்வேறு காலத்தவை. எனினும் ஒரே நிலப்பரப்பில் அருகருகே நிற்கின்றன.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு என்பது நம் அறநெறி. களைத்து வந்தவர்க்கு உணவும், இரவில் அச்சமின்றித் துயில ஓர் இடமும் தந்த சத்திரம், அவற்றுள் முதலிரண்டையும் நாள்தோறும் நிறைவேற்றியது.

புகைவண்டியும் பேருந்தும் வந்தபின் சத்திரங்களின் தேவை குறைந்தது. கற்படுக்கைகளைத் தொல்லியல் துறையினர் காக்கின்றனர். ஆனால் ஊர்ப்புறச் சத்திரங்களும் சுமைதாங்கிக் கற்களும் கேட்பாரின்றி மறைகின்றன. மேல்சித்தாமூருக்கும் திருமலைக்கும் நம் முன்னோர் நடந்தும் வண்டி பூட்டியும் சென்ற வழிகளில் எங்கெங்குத் தங்கினர் என்பதைச் சொல்ல வல்ல முதியோர் இன்னும் சில இல்லங்களில் உள்ளனர். இத்திருவிழா நாளில் அவர்கள் அருகமர்ந்து கேட்டு எழுதி வைப்போம். அவ்வழிகளில் எஞ்சியுள்ள ஒரு திண்ணையையோ கிணற்றையோ செப்பனிடுவதும் ஆகார, அபய தானங்களின் தொடர்ச்சியே ஆகும்.