மாவுப் போரும் பழைய வழக்கும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே நிலவிய வேற்றுமையைப் பொருளளவு ஒன்றைக் கொண்டே அளந்துவிடல் எளிது. ஆயின், அவ்வளவை முழுமையுடையதன்று. அவ்வேற்றுமையை வறியோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதையும் அறிதல் வேண்டும். அதற்கு 1775இல் பிரான்சில் எழுந்த ‘மாவுப் போர்’ எனப்படும் கிளர்ச்சி தக்க சான்றாகும்.

அக்காலப் பிரெஞ்சுச் சமுதாயம் குருமார், பிரபுக்கள், ஏனையோர் என மூவகைப்பட்டிருந்தது. முதன்மையான நேர்வரியினின்று முன்னிரு வகுப்பாரும் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தனர். ஊதியமின்றிச் சாலையமைக்கும் கட்டாய உழைப்போ உழவர் தலைமேலேயே விழுந்தது. உப்புவரி மிக்க வட மாநிலங்களில், எட்டு வயதிற்கு மேற்பட்ட ஒவ்வொருவர்க்கும் குறித்த அளவு உப்பை அரசுப் பண்டசாலையில் வாங்கியே தீர வேண்டும் என்பது விதி. எனவே, வேற்றுமை செல்வத்தால் மட்டுமன்றிச் சட்டத்தாலும் அமைந்தது எனலாம்.

இதனை வறியோர் நெடுங்காலம் பொறுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. குடிகட்கு ரொட்டி கிடைக்கச் செய்தல் மன்னன் கடமை என்பது பழைய வழக்கு. சந்தையும் விலையும் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருந்தன. பாரிசில் நான்கு பவுண்டு ரொட்டி இயல்பாக 8 அல்லது 9 சூ விலை பெற்றது. கூலியாளின் நாட்கூலி 20 முதல் 30 சூ வரையே. விலை சற்றே ஏறினும் அவன் குடும்பம் பசிக்கும்.

நிதியமைச்சர் தூர்கோ, 1774 செப்டம்பரில் நாட்டினுள் தானிய வாணிகத்தைக் கட்டுப்பாட்டினின்று விடுவித்தார். அவ்வாண்டு விளைவு குன்றிற்று; 1775 மே மாதத்தில் ரொட்டி விலை 13½ சூவாயிற்று. பாரிசைச் சூழ்ந்த ஊர்களில் மக்கள் திரண்டனர். கொள்ளையும் நிகழ்ந்தது; ஆயினும், பலவிடங்களில் அவர்கள் தாம் நியாயமெனக் கருதிய விலையைக் கொடுத்தே தானியமும் மாவும் பெற்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. படை ஏவப்பட்டது. மே 11ஆம் நாள் பாரிசில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் பொய்ம்முடி செய்வோர், மற்றவர் சல்லாத்துணித் தொழிலாளர்.

தூர்கோ வறியோர்க்குப் பகைவர் அல்லர். 1776இல் சாலைக் கட்டாய உழைப்பை நீக்கி, அச்செலவை நிலவுடையோர் அனைவர்மீதும் வரியாகச் சுமத்த முற்பட்டவர் அவரே. அதனைப் பாரிசுப் பார்லமென்று என்னும் உயர் நீதிமன்றம் எதிர்த்தது. மே மாதம் அவர் பதவி இழந்தார். சில திங்களில் அவ்வுழைப்பும் மீண்டது.

செல்வர், வறியர் ஆகிய இரு திறத்தாரும் பழைய வழக்கையே துணைக்கொண்டனர். எனினும், முன்னவர் காத்தது வரிவிலக்கு. பின்னவர் காத்தது உணவு. ஆங்கில நாட்டுக் கிளர்ச்சிகளை ஆராய்ந்த ஈ. பி. தாம்சன், 1971இல் இத்தகைய மனப்பாங்கை ‘அறப் பொருளியல்’ எனக் குறித்தார். பிரெஞ்சுக் கிளர்ச்சிக்கும் அது பொருந்தும்.

1788இல் மீண்டும் விளைவு பொய்த்தது. 1789 பிப்ரவரியில் ரொட்டி விலை 14½ சூவாயிற்று. அக்டோபர் 5ஆம் நாள் பாரிசுப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சேய் அரண்மனைக்கு நடந்தனர். மறுநாள் மன்னரைத் தலைநகர்க்கு அழைத்து வந்தனர். 1775இல் வணிகனிடம் கேட்கப்பட்ட கணக்கு, 1789இல் மன்னனிடமே கேட்கப்பட்டது. வறுமையினும் கடமை தவறியமையே அம்மக்களைக் கிளர்ந்தெழச் செய்தது என்பது இதனாற் பெறப்படும்.